ஊரில் ஒரே லுத்மிலா

1976 பிப்ரவரி 5, வியாழன்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால், நீங்கள் யாராக இருந்தாலும் சரி, தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். படிக்காமல் இருக்க முடியவில்லை என்றால் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். போலீசிடம் மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

முன்பக்கமிருந்து பார்த்தால் இது ஜாமெட்ரி நோட்டு. நான் பின்பக்கமிருந்து எழுதுகிறேன். அம்மா தூங்கிய பிறகு சிம்னி விளக்கைச் சுற்றிப் பேப்பரை மறைத்து வைத்துக்கொண்டு, சமையற்கட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் நோட்டு கரிக்கூடைக்கு அடியில் போய்விடும்.

என் பெயர் லுத்மிலா. பத்தாம் வகுப்பு. சிங்காநல்லூர் மேட்டு லைனில் ஏழாவது வீடு. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். அப்பா நஞ்சப்பன், நூல் மில்லில் சங்கச் செயலாளர். அம்மா ராமாத்தாள் அதே மில்லில் ரீலிங் பிரிவு.

எமர்ஜென்சி என்பது ஏழு மாதமாக எங்களுக்குப் பேப்பரில் வருகிற விஷயமாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமை ராத்திரி மாநில ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். விடிவதற்குள் போலீஸ் வந்தது. பெட்டியைக் கவிழ்த்தார்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். ருஷ்யாவிலிருந்து தமிழில் அச்சடித்து வரும் படப் பத்திரிகையின் வழவழத் தாளில்தான் நான் என் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போடுவேன். ஒன்றுவிடாமல் உரித்து எடுத்துக்கொண்டார்கள். இப்போது என் புத்தகங்கள் எல்லாம் தோல் உரித்த மாதிரி இருக்கின்றன.

இன்ஸ்பெக்டர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

“என்னது?”

“லுத்மிலா.”

“இது பேரா, மாத்திரையா? ஒருநாளைக்கு எத்தனை வேளை?”

மற்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. தரையில் சிந்திய அரிசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

யார் கேட்டாலும், அப்பா வெளியூர் போயிருக்கிறார், எந்த ஊர் என்று தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். இந்த நோட்டுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

குழாயில் தண்ணீர் வரவில்லை. பாலத்துக் கிணற்றிலிருந்து நான்கு குடம் எடுத்தேன். அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், ராகி அரைக்க, லைனுக்கு அப்பால் இருக்கும் கெங்கம்மாவின் மாவு மில்லுக்குப் போனாள். போன செவ்வாய்க்கிழமைதான் அரைத்தோம்.

பிப்ரவரி 9, திங்கள்

எழுதாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும். எழுதிவிடுகிறேன்.

பொங்கல் லீவு முடிந்ததும் தமிழம்மா எல்லாரையும் பெயர்க்காரணம் எழுதி வரச் சொன்னார். பங்கஜவல்லி தாமரை என்று எழுதினாள். பூங்கோதைக்கு ஒரு பக்கம். எனக்கு மட்டும் எழுத ஒன்றும் இல்லை. “அர்த்தமே இல்லாம ஒரு பேரா? அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல ஏறுற பேருதாம்மா சாகுற வரைக்கும். இப்பவே லலிதான்னு மாத்திக்கோ, நல்லா இருக்கும்” என்றார் தமிழம்மா. அன்றிலிருந்து பெண்கள் “லுத்து, லுத்து” என்று கோழியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள்.

அப்பாமேல் எனக்குக் கோபம். ஊரில் இல்லாத பெயரைத் தேடி வைத்தவர் அவர்தானே? அவரிடம் கேட்காமல், அந்தப் பத்திரிகையின் பின்னட்டையில் போட்டிருந்த மாஸ்கோ விலாசத்துக்கு ஏர் மெயிலில் ஒரு கடிதம் போட்டேன். ஜனவரி 19ஆம் தேதி. என் பெயருக்கு அர்த்தம் உண்டா, இல்லையென்றால் மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று எழுதினேன்.

பதில் வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் கெட்டிக்காரத்தனமாக, ‘கெங்கம்மா மாவு மில், மேற்பார்வை’ என்று விலாசம் கொடுத்தேன். கெங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால் வந்தால் என்னைத்தான் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாள்.

அப்போது ஜனவரி 19. அப்போது அது வெறும் மாவு மில்.

இப்போது அந்தக் கடிதம் வரக்கூடாது. ஏன் என்று எழுத மாட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

எதிரே சைக்கிள் கடையில் ஒருவர் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை. ஸ்பெஷல் பிராஞ்ச் ஆள். லைனில் எல்லாரும் குடைக்காரர் என்கிறார்கள். இன்று குழாயடியில் கெங்கம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங், மாசி பொறக்கறதுக்கு முன்னாலயே குடை புடிச்சுட்டு வாறீங்க. மழை வருதுன்னு டெல்லியில இருந்து தந்தி வந்துச்சுங்களா?”

“வெயிலுக்கும் பிடிக்கலாம்மா.”

“அப்ப விரிச்சுப் புடியுங்க. மடக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தா பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குது.”

குழாயடியே சிரித்தது. குடைக்காரரும் சிரித்தார். சிரிக்கும்போதும் அவர் கண் கெங்கம்மாவின் ராகிக் கூடையிலேயே இருந்தது. நான் மட்டுமா அதைப் பார்த்தேன்?

கெங்கம்மாவுக்கு என் பெயர் வாயில் வராது. ‘மில்லுப் புள்ள’ என்பாள். லைனில் யாருமே முழுசாகச் சொல்வதில்லை. அம்மாகூடக் ‘கண்ணு’தான். முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிடுகிறவர் அப்பா ஒருவர்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

பள்ளிக்கூடம் போகும் வழியில் பாலத்தருகே தபால்காரர் சவரியப்பன் ஐயாவை நிறுத்திக் கேட்டேன். ஐந்து நாளாகத் தினமும் கேட்கிறேன்.

“என் பேருக்குக் கடுதாசி வந்தா என்கிட்டயே குடுத்துடுங்கய்யா. மாவு மில்லுல குடுக்காதீங்க.”

அவர் சைக்கிளில் இருந்து இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டார். “நடுரோட்டுல தபால் பட்டுவாடா பண்ற வேலை என்கிட்ட இல்ல கண்ணு. இருபத்தாறு வருஷ சர்வீசு. உறையில என்ன விலாசமோ அங்கதான்.”

“ஐயா…”

“அந்த மாவு மில்லுக்கு நானும் தபால் குடுக்கப் போறேன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மேல பரண்ல ஒரு எலி இருமுது. பஞ்சு தின்ன எலி மாதிரி இருமுது. எனக்குக் காது மந்தம். போ, மணி அடிச்சிருவாங்க.”

இதை எழுதியிருக்கக்கூடாது. அந்த இரண்டு வரியையும் நாளைக்கு மையால் அடித்துவிட வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

மை தீர்ந்துவிட்டது. இது பென்சில்.

பிப்ரவரி 17, செவ்வாய்

அம்மா மிளகும் பனங்கல்கண்டும் போட்டுக் கஷாயம் வைத்தாள். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. கஷாயத் தூக்குப்போசியை ராகிக்குள் புதைத்து எடுத்துக்கொண்டு வெளியூருக்கு…

மாவு மில்லுக்குப் போனாள். திரும்பி வரும்போது ராகி ராகியாகவே இருந்தது. அவசரத்தில் அரைக்க மறந்துவிட்டாள். எதிரே குடைக்காரர். ஓடிப்போய் அம்மாவின் தலையிலிருந்து கூடையை வாங்கி, முந்தானையைப் போட்டு மூடி உள்ளே கொண்டுவந்தேன்.

சாப்பிடும்போது பள்ளிக்கூடத்துப் படிவத்தை எடுத்து வைத்தேன். பெயரை மாற்றுவதென்றால் மாத முடிவுக்குள் வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். லலிதா என்று பென்சிலால் எழுதியிருந்தேன். பெயரை மாற்றிவிட்டால், லுத்மிலாவுக்கு என்ன கடிதம் வந்தாலும் அது நான் இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு முட்டாள் யோசனை.

“இது என்ன கண்ணு?”

“பேர மாத்தறதுக்கு. அப்பா வெச்ச பேருனால எல்லாரும் கேலி பண்றாங்க. போலீசுகூட.”

அம்மா கையைக் கழுவினாள். துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, “உங்கப்பாவா வெச்சாரு? நானு வெச்சேன்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“நீ பொறந்தப்ப மில்லுல நாப்பது நாள் ஸ்ட்ரைக்கு. உங்கப்பா ஜெயில்ல. சங்கத்து ஆபீஸ்லதான் எல்லாருக்கும் கஞ்சி. உன்ன மடியில போட்டுட்டு உக்காந்திருப்பேன். எதிர்த்த செவுத்துல ஒரு படம் ஒட்டியிருந்தாங்க. ஒரு பொம்பள. என்ற மாதிரியே நூல் மிசின் முன்னால நிக்கறா. தலையில துணி கட்டியிருக்கறா. பல்லு தெரியச் சிரிக்கறா. மிசின் ஓடறப்ப எவ சிரிப்பா? எனக்கு அதிசயமாப் போச்சு. மேஸ்திரி வெளிய போயிருப்பானாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கீழ என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டேன். பேரு, மில்லு பேரு, ஊரு பேருன்னு படிச்சுச் சொன்னாங்க. மத்ததெல்லாம் மறந்துபோச்சு.”

“அப்பாதானே எல்லார்கிட்டயும்…”

“ஜெயில்ல இருந்து வந்து, தானே வெச்ச மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டாரு. சொல்லிட்டுப் போகட்டும்னு உட்டுட்டேன்.”

“அப்பறம் ஏம்மா நீ அந்தப் பேரச் சொல்லி என்னைக் கூப்பிடறதே இல்ல?”

“தெனமும் பொழங்கற பாத்திரமா அது?” என்றாள் அம்மா.

படிவத்தை என் முன்னால் நகர்த்தினாள். “லலிதா நல்ல பேருதான். உனக்கு வேணும்னா சொல்லு, கையெழுத்துப் போடறேன்.”

பிப்ரவரி 18, புதன்

படிவத்தைக் கொடுக்கவில்லை. பென்சில் எழுத்தை அழித்துவிட்டேன்.

பிப்ரவரி 21, சனி

சவரியப்பன் ஐயா இன்று அவராகவே சைக்கிளை நிறுத்தினார். அவர் பையைப் பார்த்தேன். கடிதம் இல்லை. வேறு விஷயம்.

“உன் பேரு எங்கயோ கேட்ட பேரா இருக்குதேன்னு மாதா கோயில்ல இருக்கிற பெரிய புஸ்தகத்தைப் பாத்தேன். அர்ச்சிஷ்டவங்க, அதாவது புனிதர்களோட சரித்திரம். செப்டம்பர் பதினாறு, உன் பேருதான்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால, அந்தப் பக்கத்து ராசாத்தி. வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சி.”

“சாமி பேரா?”

“உங்கப்பனுக்குச் சொல்லிடாத. சாமியே இல்லைன்னு மேடையில பேசிட்டு வீட்டுல ஒரு அர்ச்சிஷ்டவளை வளத்தியிருக்காரு.” அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த மாதத்தில் முதல் தடவையாக.

“அவங்க எப்படிச் செத்தாங்க?”

“வேண்டாம் விடு.”

“சொல்லுங்கய்யா.”

“வீட்டுக்குள்ளயே ஆள் அனுப்பி, அவங்க முக்காட்டுத் துணியாலயே கழுத்தை நெரிச்சுட்டாங்க.”

பிறகு, போகிற போக்கில் சொல்வது போல இன்னொன்றையும் சொன்னார். குடைக்காரர் தபாலாபீசுக்கு வந்திருந்தாராம். நஞ்சப்பன் வீட்டுக்கு வரும் தபால் எதுவானாலும் முதலில் தன்னிடம் காட்ட வேண்டும் என்று போஸ்ட்மாஸ்டரிடம் உத்தரவு கொடுத்திருக்கிறாராம். “விலாசம் தப்பா இருந்தாலும் பேரைப் பாத்துக் கண்டுபிடிச்சுடலாம், ஊருக்கே ஒரே லுத்மிலாதானேன்னு சொன்னாரு.”

ராத்திரி என் தாவணியை மடித்துத் தலைமாட்டில் வைக்கவில்லை. தூரத்தில் கொடியில் போட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

குடைக்காரர் பள்ளிக்கூட வாசலிலிருந்து என்னோடு நடந்து வந்தார். குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

“தினமும் தபால்காரரோட என்ன பேச்சு பாப்பா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“கடுதாசி எதிர்பாக்கறியா? அப்பா எழுதுவாரா?”

“அப்பா வெளியூர் போயிருக்காருங்க. எந்த ஊருன்னு தெரியாதுங்க.”

“அழகாச் சொல்ற. அம்மாவும் இதே வார்த்தைதான் சொல்றாங்க. ஒரு எழுத்துகூட மாறல.” குடையை மறு கைக்கு மாற்றினார். “எனக்கும் உன் வயசுல ஒரு பொண்ணு இருக்கா. சரசு. அப்பா எங்கேன்னு கேட்டா அவ நாலு விதமாச் சொல்லுவா. நிஜமா தெரியாதவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

வீட்டுக்கு வந்து, தெரியாது என்பதை நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பிப்ரவரி 26, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாஸ்கோ, ஏர் மெயில், மாவு மில் விலாசம், எல்லாம். அடிப்பாள் என்று நினைத்து முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொன்னேன். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து என் தலையில் எண்ணெய் வைத்தாள். பின்னல் போட்டு முடித்தாள்.

“எத்தனை நாள்ல பதில் வரும்?”

“அஞ்சு வாரம், ஆறு வாரம்.”

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். ஐந்து வாரம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அப்பா இன்னும் தூரத்து வெளியூருக்குப் போக வேண்டும் என்றாள். பருத்திக்கொட்டை ஏற்றும் லாரி செவ்வாய்க்கிழமை வருகிறது. அதற்கு முன்னால் வேறு வழி இல்லை. செவ்வாய்வரை தள்ள வேண்டும்.

அப்புறம், “இனி நீ தனியாக் கவலைப்படாத. லைன்ல பாதிப் பேருக்குத் தெரியும்” என்றாள். “குடைக்காரர் மேற்கால, மாவு மில்லுப் பக்கம் திரும்பினா, பாக்கறவிய உன்ற பேர முழுசாச் சொல்லிக் கூப்பிடுவாங்க. குழந்தையக் கூப்பிடற மாதிரி. கேட்ட ஊட்டுக்காரி அடுத்த ஊட்டுக்குக் கேக்கற மாதிரி கூப்பிடோணும். கெங்கம்மா காதுவரைக்கும் போயிரும். வேற எந்தப் பேரு வெச்சாலும் வேற புள்ள ஏதாச்சு ‘என்னங்க’ன்னு ஓடியாந்துரும். உன்ற பேரு ஒண்ணுதான் இருக்குது.”

“என் பேரா? எப்ப இருந்து?”

“முதல் நாள்ல இருந்தே.”

இருபத்தைந்து நாளாக எனக்கு மட்டும்தான் தெரியாது.

பிப்ரவரி 27, வெள்ளி

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சவரியப்பன் ஐயாவைப் பார்த்தாள். அவர் வீட்டு வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“கடுதாசிய ஒளிச்சு வைக்கச் சொல்லாத ராமாத்தா. கிழிச்சுப் போடவும் சொல்லாத. அது பாவம். விலாசதாரர் சொத்து.”

“அப்ப வழியே இல்லீங்களா?”

அவர் கையைத் துணியில் துடைத்தார். பிறகு என்னைக் கேட்டார். “உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமில்ல? ‘என் பெயருக்கு வரும் தபாலை மேற்படி விலாசத்தில் கொடுக்காமல் என் வீட்டு விலாசத்துக்குத் திருப்பி அனுப்பவும்’னு எழுதிக் குடு. வீடு மாறிப் போறவங்க குடுக்கறதுதான். ரூல்லயே இருக்குது. பழைய விலாசத்து மேல புது விலாசச் சீட்டை ஒட்டுவேன். நல்லாப் பசை தடவி ஒட்டுவேன்.”

“அப்பறம் அவர்கிட்டக் காட்டுவீங்களா?”

“காட்டோணும். உத்தரவு. நஞ்சப்பன் ஊட்டுக்கு வந்த தபாலாக் காட்டுவேன்.”

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தை முழுப் பெயராகப் போட்டேன்.

பிப்ரவரி 29, ஞாயிறு

துணி துவைத்தேன். கெங்கம்மா எனக்குக் கடலை மிட்டாய் கொடுத்தாள். வெளியூரில் இருமல் அதிகம் என்று காதில் சொன்னாள்.

இன்னும் இரண்டு நாள்.

மார்ச் 1, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. வேகமாக எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடைக்காரர் லைனுக்குள் வந்தார். கையில் நீளமான உறை. ஏற்கெனவே பிரித்திருந்தது. குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள்.

“லுத்மிலா! மாஸ்கோவில இருந்து உனக்குத் தபால்!”

அவர் கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். நல்ல குரல். முழுசும் படித்துவிட்டுச் சிரித்தார். “அர்த்தம் கேட்டு எழுதினியா? இதுக்காகவா தபால்காரர் பின்னால அலைஞ்சே? அட, என்கிட்டக் கேட்டிருக்கலாமே. ருஷ்யாக்காரன் டெல்லிக்குத் தோஸ்து. உங்கப்பாதான் யாருக்கும் தோஸ்து இல்ல. இந்தா.”

கடிதத்தை என் கையில் கொடுத்தார். அப்பாடா என்றிருந்தது. அம்மாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

உறையைக் கொடுக்கவில்லை. “ஸ்டாம்பு அழகா இருக்கு. சரசு சேக்கறா. எடுத்துக்கட்டுமா?” என்றார். தலையை ஆட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை ஊன்றிக்கொண்டே போனார்.

அவர் பாலம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஸ்டாம்பு சேர்க்கிறவர்கள் உறையைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பங்கஜவல்லி செய்து பார்த்திருக்கிறேன். சரசு மூலையை மட்டும் கிழித்து ஊறவைப்பாளா, முழு உறையையும் போட்டுவிடுவாளா? நாலு ஸ்டாம்பு இருந்தது. மேல்பக்கம் முழுக்க இருந்தது. முழுசாகத்தான் போடுவாள். ஊறினால் ஸ்டாம்பு மட்டுமா வரும்? சவரியப்பன் ஐயா ஒட்டிய சீட்டும் வந்துவிடும். அடியில் மாஸ்கோக்காரர்கள் எழுதிய மாவு மில் விலாசம் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா ராகிக் கூடையை எடுத்தாள். லாரியை இன்றைக்கே வரவழைக்க ஆள் போயிருக்கிறது. லாரிச் சத்தம் கேட்காமல் இருக்கக் கெங்கம்மா இஞ்சினை ஓடவிட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு எந்த மாவு மில் ஓடும்? கேட்டால் கல்யாண வீட்டு மாவு என்று சொல்வாளாம். “இஞ்சின் சத்தம் நின்னுதுன்னா லாரி போயிருச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்க. அதுவரைக்கும் கதவச் சாத்திட்டு உள்ளயே இரு. விளக்க அணைக்காத. ஆள் இருக்கற ஊடு மாதிரி இருக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் திரும்பி நின்று, “லுத்மிலா, பயப்படாத” என்றாள்.

இஞ்சின் ஓடுகிறது. இங்கே தரைவரை அதிர்கிறது.

கடிதத்தை எரித்துவிடச் சொன்னாள். மனசு வரவில்லை. கொஞ்சம் எழுதி வைத்துக்கொண்டு எரித்துவிடுகிறேன். தமிழ் படித்த ஒரு ருஷ்யப் பெண் எழுதியது. கையெழுத்து முத்து முத்தாக, அச்சு மாதிரி இருக்கிறது.

‘அன்புள்ள லுத்மிலா நஞ்சப்பன் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்கள் பெயர் ஸ்லாவிய மக்களின் மிகப் பழமையான பெயர்களுள் ஒன்று. அது இரு சொற்களால் ஆனது. லூத் என்றால் மக்கள். மில் என்றால் இனிய, அன்புக்குரிய. மக்களுக்கு அன்பானவள் என்பது பொருள். என் அன்னையின் பெயரும் இதுவே. எங்கள் தெருவில் நின்று இப்பெயரைக் கூவி அழைத்தால் பத்துச் சன்னல்களாவது திறக்கும். தங்கள் ஊரில் தாங்கள் ஒருவரே என்று எழுதியுள்ளீர்கள். அது தங்களுக்குத் தனிமையாக இருக்கலாம். ஆயினும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளாதீர்கள்.’

எரித்துவிட்டேன். சாம்பலைக் கரிக்கூடையில் போட்டேன்.

மணி ஒன்பதரை இருக்கும். இன்னும் ஓடுகிறது. ஏன் இவ்வளவு நேரம்? அப்பாவால் ஏணியில் இறங்க முடியவில்லையோ? மாவுத் தூசியில் ஒரு மாதம் படுத்திருந்தவர்.

யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பாலத்துப் பக்கம், முதல் வீடு. “லுத்மிலா… ஏ லுத்மிலா…” இப்போது இரண்டாவது வீடு. மூன்றாவது. எல்லாரும் முழுசாகச் சொல்கிறார்கள், ஒரு எழுத்து விடாமல். இவர்களுக்கெல்லாம் சொல்ல வருமா? எத்தனை நாள் சொல்லிப் பழகினார்கள்? பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம் கேட்கிறது. எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறது. எட்டாவது. ஒன்பதாவது. கடைசி வீட்டில் ஒரு கிழக்குரல். அதற்கும் அப்பால் கெங்கம்மா கத்துகிறாள், “லுத்மிலா!” கெங்கம்மாவேதான்.

வாசலில் செருப்புச் சத்தம். ஒருவர் இல்லை, இரண்டு மூன்று பேர்.

இஞ்சின் இன்னும் ஓடுகிறது. நில்லேன். நின்றுவிடேன்.

நின்றுவிட்டது.

நின்றுவிட்டது! ஒரு சத்தமும் இல்லை. அப்பா போய்வி

கதவைத் தட்டு